சார்ஜிங் துளைக்குள் ஏன் பச்சை பிடிக்கிறது?

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய வீடு என்றால், சார்ஜ் ஏற மறுக்கும் டேப்லெட்டின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல நேரம் பச்சையாக ஏதோ படிந்திருக்கும்.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் உப்புத்துகளாகிக் காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்த மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். துளையிலுள்ள பின்களின் மேல்முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் உப்புநீர் பட்டிருக்க, சார்ஜரைச் செருகினால் அந்த 5 வோல்ட்டிலேயே மின்பகுப்பு தொடங்கிவிடும். நேர்மின் பின்னின் செம்பு கரைந்து பச்சையாகப் படிகிறது.

நீர், தூசித் தடுப்புக் குறியீடான 'ஐபி68' போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது, உப்பு அரிக்காது என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆகவே புதிது வாங்குமுன், சார்ஜிங் துளை தனிச் சப் போர்டில் (சிறு மின்சுற்றுப் பலகையில்) இருக்கிறதா, உதிரி கிடைக்குமா என்று சர்வீஸ் கடையில் விசாரியுங்கள். கேமராவுக்குக் கூடுதல் காசு வீண். துளையைச் சரிசெய்து நீண்டநாள் வைத்திருக்க, பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்பதுதான் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் அப்டேட் கிடைக்கவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் நம்மூர்க் கடையைக் கட்டுப்படுத்தாது. நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.