கர்ணம் காணும் கணக்கு

தமிழ் மன்றக் கூட்டங்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் அடிக்கடி எடுத்தாளப்பெறும் சிறு செய்யுள் ஒன்று உண்டு. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் தெரிந்தால், மூன்றாம் பக்கமாகிய கர்ணத்தை வர்க்கமூலம் காணாமலேயே கணக்கிடும் வழியை அது சொல்கிறது. அது போதாயனர் என்னும் பழந்தமிழ்ப் புலவர் பாடியது என்றும், பிதாகரஸ் தேற்றத்தை அவருக்கு முன்பே தமிழர் கண்டுவிட்டனர் என்பதற்கு அதுவே சான்று என்றும் பேச்சாளர் முழங்குவர், அவையோர் கைதட்டுவர். ஆனால் அச்செய்யுள் சொல்லும் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவர் மிகச் சிலரே. ஒரு செய்யுளைப் போற்றுவதற்கு முன் அது என்ன சொல்கிறது, அது சொல்வது எந்த அளவுக்கு மெய் என்று ஆராய்வது தமிழ் படிப்போர் கடமையாகும். அக்கடமையின் சிறு முயற்சியே இக்கட்டுரை.

இரு சிறப்பு முக்கோணங்கள்

செங்கோண முக்கோணம் எதுவாயினும், செங்கோணத்தைத் தாங்கும் இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும். இது பொது விதி. கர்ணமும் ஒரு பக்கமும் தெரிந்தால், கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து அப்பக்கத்தின் வர்க்கத்தைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கமூலத்தைக் காண்க. மற்றப் பக்கம் கிடைக்கும். ஆக, இரு பக்கங்கள் தெரிந்தால்தான் மூன்றாவது தெரியும். ஆனால் ஒரே ஒரு பக்கம் தெரிந்தாலே மற்ற இரண்டையும் சொல்லிவிடக் கூடிய முக்கோணங்கள் இரண்டு பள்ளிக் கணக்கில் சிறப்பிடம் பெறுகின்றன.

முதலாவது, சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் கிடைப்பது. இதன் கோணங்கள் 45, 45, 90 பாகை. இரு பக்கங்களும் சமம். கர்ணம் பக்கத்தைப் போல் 1.414 மடங்கு, அதாவது 2-இன் வர்க்கமூல மடங்கு. தஞ்சை மாவட்டத்து நிலக்கணக்கில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பன்னிரண்டடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஒரு மா நிலம் சரியான சதுரமாக இருந்தால் அதன் பக்கம் 120 அடி. வரப்போரமாகச் செல்லாமல் மூலைக்கு மூலை நடப்பவர் 120-ஐ 1.414-ஆல் பெருக்கிக்கொள்ளட்டும், ஏறக்குறைய 169.7 அடி நடக்கவேண்டும்.

இரண்டாவது, சமபக்க முக்கோணத்தை உச்சியிலிருந்து நடுவே இரண்டாகப் பிளந்தால் கிடைப்பது. இதன் கோணங்கள் 30, 60, 90 பாகை. அடிப்பக்கம் பாதியாகிவிடுவதால், குறுகிய பக்கம் கர்ணத்தில் சரிபாதியாகும். நீண்ட பக்கமோ குறுகிய பக்கத்தைப் போல் 1.732 மடங்கு, அதாவது 3-இன் வர்க்கமூல மடங்கு. வைக்கோற்போரின் மேல் 20 அடி ஏணியை 60 பாகைச் சாய்வில் சார்த்தியிருக்கிறார்கள் என்று கொள்வோம். ஏணியின் அடி, அதன் உச்சிக்கு நேர்கீழிருந்து 10 அடி தள்ளி நிற்கும், உச்சி 17.32 அடி உயரத்தில் இருக்கும். ஏணியின் நீளம் ஒன்றே தெரிந்திருக்க, மற்ற இரண்டும் தாமே வந்துவிட்டன.

செய்யுள் காட்டும் வழி

இனி அச்செய்யுளின் கருத்தை உரைநடையில் காண்போம். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்க வேண்டும். ஒரு கூற்றைத் தள்ளிவிட வேண்டும். எஞ்சிய ஏழு கூற்றோடு குறுகிய பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். வருவது கர்ணம். அவ்வளவே.

இவ்வழியின் எளிமையை உணர, பழைய திண்ணைப் பள்ளியின் எண்சுவடியை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழரின் பின்னங்கள் அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கிச் செல்பவை. எட்டில் ஏழு பங்கு என்பது அவர்களுக்கு முக்காலே அரைக்கால். கயிற்றை மும்முறை இரண்டாக மடித்தால் எட்டுக் கூறாகிவிடும். எழுத்தோ பலகையோ வேண்டாம். கயிறும் மனக்கணக்கும் போதும். கொறுக்கையூர்க் காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், பொன், நெல் ஆகியவற்றின் அளவைகளையும் வட்டத்தின் பரப்பையும் இவ்வாறே செய்யுளாக்கி மனத்தில் இருத்தும் நூல். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அதனைப் பதிப்பித்துள்ளது. கணக்கைப் பாட்டாக்கிப் பயிற்றும் அம்மரபோடு ஒத்ததே நம் செய்யுளும்.

பொருந்தும் இடமும் பொருந்தா இடமும்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பக்கங்கள் 4, 3 என்க. நான்கில் எட்டில் ஏழு மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, கூட்டினால் 5. மிகச் சரி. பக்கங்கள் 12, 5 என்க. பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இதுவும் மிகச் சரி. மேடையில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவ்விரண்டே.

அடுத்து 15, 8 என்னும் பக்கங்களை எடுத்துக்கொள்வோம். விடை 17 வரவேண்டும். செய்யுளின் வழியில் 17.125 வருகிறது. 24, 7 என்றால் 25 வரவேண்டும், வருவது 24.5. முன்னதில் சற்று மிகை, பின்னதில் குறை.

நம் சிறப்பு முக்கோணங்களையும் சோதிப்போம். ஏணிக் கணக்கில் 17.32, 10 என்னும் பக்கங்களுக்குச் செய்யுள் தரும் கர்ணம் 20.155 அடி. உண்மை 20 அடி. பிழை இரண்டு அங்குலத்திற்கும் குறைவு; ஏணி சார்த்துபவர் இதனைப் பொருட்படுத்தமாட்டார். ஆனால் ஒரு மா சதுரத்தில் செய்யுளின் வழி 105 அடியும் 60 அடியும் சேர்ந்து 165 அடி தருகிறது. உண்மை 169.7 அடி. ஏறத்தாழ ஐந்தடி குறைவு! மூலைவிட்டத்தை இவ்வழியில் கணக்கிட்டு, குறுக்களவைக் கோல் வைத்து அளந்து பரப்பைக் காண்பவர், நூறு குழியில் ஏறக்குறைய மூன்று குழியை இழந்துவிடுவார். விளைநிலத்தில் மூன்று குழி என்பது வரப்புச் சண்டைக்குப் போதுமானது.

இங்ஙனம் சில இடங்களில் பொருந்தியும் சில இடங்களில் பொருந்தாமலும் போவது ஏன்? நீண்ட பக்கத்தை 1 என்றும், குறுகிய பக்கத்தை க என்றும் கொண்டு, செய்யுளின் விதியும் பொது விதியும் ஒரே விடையைத் தரும் இடம் எது என்று தேடினால், ஓர் இருபடிச் சமன்பாடு வருகிறது. அதற்கு இரண்டே விடைகள்: நான்கில் மூன்று, பன்னிரண்டில் ஐந்து. கணிதத் துறை மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். ஆகவே 3, 4, 5 என்னும் வடிவமும் 5, 12, 13 என்னும் வடிவமும், அவற்றின் மடங்குகளுமே செய்யுளுக்கு முற்றிலும் பொருந்துவன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வடிவங்களில் விடை சிறிது மிகையாக வரும். அம்மிகை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. இவற்றிற்கு வெளியே குறைவாக வரும். சதுரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று குறையும். குறுகிய பக்கம் மிகச் சிறிதானால் குறை நூற்றுக்குப் பன்னிரண்டையும் நெருங்கும்.

எனவே இச்செய்யுள் தேற்றம் அன்று. நல்லதொரு தோராய விதி. தோராயம் என்பதனால் அதன் பெருமை குன்றாது. சரியான இரு வடிவங்களைத் தெரிந்தவர் ஒருவரே, அவ்விரண்டிலும் பிழையின்றிப் பொருந்துமாறு எட்டில் ஏழையும் பாதியையும் தேர்ந்திருக்க முடியும். அவர் கைத்திறன் போற்றற்குரியது.

போதாயனர் யார்?

சுல்ப சூத்திரம் இயற்றிய பௌதாயனர் வேறு. அவர் நூல் வடமொழியில் அமைந்தது. சுல்பம் என்றால் கயிறு. வேள்விமேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் முறையைக் கூறும் அந்நூல், கிறித்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் எழும் சதுரம், அதன் இரு பக்கங்களின் மேல் எழும் சதுரங்களின் கூட்டுக்குச் சமம் என்னும் பொது விதியை அது கூறுகிறது. 2-இன் வர்க்கமூலத்திற்கு அது தரும் மதிப்பு 408-இல் 577 பங்கு. இம்மதிப்பைக் கொண்டு ஒரு மா சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கண்டால், பிழை ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்நூலாசிரியரின் பெயரொப்புமையே தமிழ்ச் செய்யுளின் மேல் ஏற்றப்பட்டுப் பெருங்குழப்பம் விளைத்துள்ளது எனலாம். அச்செய்யுளை எட்டுத்தொகையிலோ பத்துப்பாட்டிலோ காண இயலாது. அதன் சொல்லாட்சியும் சங்கத் தமிழுக்குரியதன்று. கர்ணம் என்னும் வடசொல்லே பிற்காலத்தைக் காட்டும். தோராய விதியைப் பொது விதியோடு ஒன்றாக்குவதும், பிற்காலச் செய்யுளைச் சங்க காலத்துக்கு ஏற்றுவதும் ஆராய்ச்சி ஆகா. முந்தியவர் யார் என்று கேட்டால், பிதாகரசுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே இத்தகைய முக்கோண எண்கள் காணப்படுகின்றன.

நாண் ஜேபியான வரலாறு

30, 45, 60 பாகைகளுக்கு மட்டும் அன்றி எல்லாக் கோணங்களுக்கும் பக்கங்களின் விகிதம் தெரிந்தால், எந்த முக்கோணத்திலும் காணாத பக்கத்தைக் காணலாம். அதற்கான அட்டவணையை ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய நூலில் அமைத்தார். வட்டத்தின் வில்லை இணைக்கும் கோட்டை வடமொழியார் ஜ்யா என்றனர். வில்லின் நாண் என்பது பொருள். நம் பாடநூல்களும் அக்கோட்டை நாண் என்றே வழங்குகின்றன. ஜ்யா, ஜீவா என்னும் வடிவங்கள் அரபு மொழியில் ஜீப என ஒலிபெயர்ந்தன. உயிர்க்குறியின்றி எழுதும் அரபு வழக்கில் அச்சொல்லைப் பிற்காலத்தார் ஜைப் என்று படித்தனர். ஆடையின் மடிப்பு என்பது அதன் பொருள். இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருளுடைய சைனஸ் என்னும் சொல்லை இட்டனர். அதுவே இன்றைய சைன். அதே ஜைப், பாரசீகம் உருது வழியே வந்து நம் சட்டையில் ஜேபியாகவும் தங்கிவிட்டது. அறிவு ஒரு மொழியின் தனிச்சொத்தாக இருந்ததில்லை என்பதற்கு இதனினும் நெருக்கமான சான்று வேண்டுமோ?

பெரிய கோயிலில் ஒரு முக்கோணம்

தோராயம் உதவாத இடம் எது என்பதைத் தஞ்சையே காட்டியிருக்கிறது. வில்லியம் லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்து, நாட்டின் முக்கோண நில அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்து, மற்றவற்றைக் கோணங்களால் கணக்கிடும் முறை அது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. ஆதலின் கோயிற் கோபுரங்களே நோக்கிடங்களாயின. 1808-இல் அரை டன் எடையுள்ள கோணமானியைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் சில வாரங்கள் கூடாரத்தில் அடைந்திருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அவருக்கு அத்துணைத் துல்லியம் ஏன் வேண்டியிருந்தது? ஏணிக்கு இரண்டங்குலம் பிழை தந்த அதே விதி, 30 மைல் கர்ணத்துக்கு ஆயிரத்து இருநூறு அடிக்கு மேல் பிழை தரும்.

நிறைவுரை

ஏணிக்கும் கூரைக்கும் செய்யுளின் வழி போதும். 3, 4, 5 அடிகளைக் கயிற்றில் குறித்து மூலைமட்டம் பார்க்கும் கொத்தனாருக்கு அது பிழையே தராது. நிலப்பரப்புக்கும் நாட்டு வரைபடத்துக்கும் அது போதாது. அங்கே வர்க்கமூலமே வேண்டும். எவ்விதி எங்கே செல்லும், எங்கே நிற்கும் என்று அறிவதே கல்வி.

நம் மாணவர்கள் இனி மேடையேறி இச்செய்யுளைச் சொல்லும்போது, 3, 4, 5-க்கு அடுத்து ஒரு மா சதுரத்தையும் அவையினருக்குக் கணக்கிட்டுக் காட்டட்டும். ஐந்தடி குறைகிறது என்று சொல்லவும், ஏன் குறைகிறது என்று விளக்கவும் அவர்கள் தயங்க வேண்டுவதில்லை. கைதட்டல் சற்றுக் குறையலாம். ஆனால் அவர்கள் சொன்னதை மறுநாள் எவரும் மறுக்க இயலாது. முன்னோர்க்கு நாம் செய்யும் சிறப்பும் அதுவே ஆகும்.