ஆட்குறைப்பில் வேலை தப்பியது... உடம்பு?

"லிஸ்ட்ல உன் பேரு இல்லைல்ல... அப்புறம் என்ன?"

ஆட்குறைப்பில் தப்பித்து வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி இது. பக்கத்து இருக்கை காலி. டீம் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் 'லெஃப்ட்'. சம்பளம் வழக்கம்போல வந்துவிடுகிறது, தூக்கம்தான் வருவதில்லை.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பேச்சு முழுக்க அந்த 2 சதவீதம் பற்றித்தான். அது நியாயமும்கூட. ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் மிஞ்சி நிற்பவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு விரிவான பதில் கிடைத்தது ஐ.டி. கம்பெனிகளில் அல்ல, பின்லாந்து நகராட்சிகளில்!

பின்லாந்தில் என்ன நடந்தது?

1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து பொருளாதாரம் படுத்துவிட்டது. சோவியத் யூனியன் உடைந்ததில் அதனுடனான வர்த்தகம் போனது, வங்கிகள் தள்ளாடின. 3 சதவீத அளவில் இருந்த வேலையின்மை சில ஆண்டுகளிலேயே 16 சதவீதத்தைத் தாண்டியது. செலவைக் குறைக்க நகராட்சிகள் ஆட்களைக் குறைத்தன. அங்கே நகராட்சி என்றால் ரோடும் குப்பையும் மட்டும் இல்லை. ஆசிரியர், நர்ஸ், குழந்தைகள் காப்பகப் பணியாளர் என்று பலரும் நகராட்சி ஊழியர்கள்தான்.

யுஸ்ஸி வாஹ்டெரா, மிகா கிவிமாகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 10 நகரங்களைச் சேர்ந்த 22,430 ஊழியர்களை 2000-ஆம் ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். கவனிக்க வேண்டியது, இவர்கள் யாருக்கும் வேலை போகவில்லை. எல்லோரும் 'தப்பித்தவர்கள்'.

2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. 18 சதவீதத்துக்கும் அதிகமாக ஆள் குறைந்த பிரிவுகளில் மிஞ்சியவர்கள் இதயம், ரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் விகிதம், பெரிதாக ஆள் குறையாத பிரிவுகளைப்போல 2 மடங்கு. ஆய்வுக் காலத்தின் முதல் பாதியை மட்டும் எடுத்தால் சுமார் 5 மடங்கு. பிற்பாதியில் அது 1.4 மடங்காக இறங்கியது.

'5 மடங்கு' என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களிடம் இதய நோய் மரணங்கள் மொத்தத்திலேயே குறைவு. சிறிய எண் ஐந்து மடங்கானாலும் சிறியதாகவே இருக்கும். வேலை நிச்சயமின்மை பற்றிப் பல நாடுகளில் சுமார் 1.74 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வந்த கட்டுரை, இதய நோய் அபாயம் 32 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. சமூகப் பொருளாதார நிலை, மற்ற நோய்க் காரணிகளையெல்லாம் கழித்துப் பார்த்தபோது அது 19 சதவீதம் ஆனது. மிதமான அபாயம்தான். ஆனால் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான பேர் தலையில் விழுகிற அபாயம்.

எங்கே அடிக்கிறது?

டென்ஷனில் சிகரெட் கூடியிருக்கும், வீட்டில் சண்டை வந்திருக்கும், அதனால்தான் உடம்பு கெட்டது என்று சொல்வது சுலபம். அதே ஆய்வாளர்கள் ரைசியோ என்ற ஊரின் ஊழியர்களிடம் இதையும் சோதித்தார்கள். சிகரெட் கூடியிருந்தது, துணையின் ஆதரவு குறைந்திருந்தது, இரண்டும் உண்மை. ஆனால் மருத்துவ விடுப்பு ஏன் எகிறியது என்பதற்கு அவை விடையாக இல்லை. வேலையே மாறியிருந்ததுதான் விடையில் கிட்டத்தட்ட பாதி: உடல் உழைப்பு கூடியது, தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை சுருங்கியது, 'நாளைக்கு நானா?' என்ற பயம் ஒட்டிக்கொண்டது. நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்யும் எந்த டீமுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அந்த பயம் வேலை செய்ய ஆட்குறைப்பு நடந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. பிரிட்டனில் அரசுக் கட்டடங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு துறை தனியாருக்குப் போகப்போகிறது என்ற நிலை வந்தபோது, அந்த ஊழியர்களை மற்ற துறையினருடன் ஒப்பிட்டது வொயிட்ஹால் ஆய்வு. இன்னும் எதுவும் கைமாறவில்லை. அதற்குள்ளேயே அவர்கள் சொல்லும் உடல்நிலை மோசமாகத் தொடங்கியிருந்தது.

ஆபத்து வந்தால் உடம்பு அட்ரினலின், கார்டிசால் ஹார்மோன்களைச் சுரக்கிறது. துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தத்தில் சர்க்கரை உயரும். ஆபத்து முடிந்தால் இறங்கிவிடும். 'அடுத்த குவார்ட்டர் வரை பார்க்கலாம்' என்கிற நிலையில் முடிவு என்பதே இல்லை. அதனால் இறங்க வேண்டியது இறங்காமல் நிற்கிறது. முதலில் கெடுவது தூக்கம்.

லீவு எடுக்காதவர்கள்

பின்லாந்து ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது. பெரிய ஆட்குறைப்புக்குப் பிறகு நிரந்தர ஊழியர்களின் மருத்துவ விடுப்பு கூடியது. தற்காலிக ஊழியர்களிடம் கூடவில்லை. அவர்கள் மட்டும் இரும்பு உடம்புக்காரர்களா என்ன? காய்ச்சலோடு வேலைக்கு வந்திருப்பார்கள் என்பதுதான் நம்பக்கூடிய விளக்கம். லீவு போட்டால் அடுத்த கான்ட்ராக்ட் கிடைக்குமா என்று யோசிக்கும் எவருக்கும் இது புரியும். விடுப்பு குறைந்திருக்கிறது என்று எச்.ஆர். திரையில் பச்சை நிறத்தில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் இப்படியும் சிலர் இருக்கலாம்.

30 வயதுதானே என்று பிரஷர் பார்க்காமலே இருப்பவர்கள் இந்த மாதிரி நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஓரிரு வாரங்களுக்கு மேல் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் 'வேலை டென்ஷன்' என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.