எழுபது வளைவும் எலுமிச்சம்பழமும்



எனக்கு வயது 47. நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டு வேலை போக, இருபது வருஷமாக ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 2025 தை மாதம் என் சீட்டுப் பணம் மூன்று லட்சம் கைக்கு வந்தது. மாடியில் ஓர் அறை கட்டலாம் என்றார் வீட்டுக்காரர். "அண்ணி, பவுனா வாங்கிப் போடுங்க" என்றாள் நாத்தனார். நான் வாங்கியது ஒரு மோட்டார் சைக்கிள்! மீதிப் பணத்துக்கு ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போனது.

அதுவும் சாதாரண வண்டி இல்லை. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. மலை, காடு, மேடு பள்ளம் என்று நெடுந்தூரம் போகிறவர்களுக்காகச் செய்த பெரிய வண்டி. இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைக்காதீர்கள். அப்படி நினைக்க எங்கள் ஊரிலேயே ஆள் நிறைய இருக்கிறது.

கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி உள்ளே, என் அம்மா தனியாக இருக்கிறார். வயது 74. மிளகுக் கொடியையும் நாலு பலா மரத்தையும் விட்டுக் கீழே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கோ பத்தாவது வளைவிலேயே குமட்ட ஆரம்பித்துவிடும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, மடியில் பிளாஸ்டிக் பையோடுதான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் மொபெட்டில் போனால் ஒன்றும் செய்யாது. நாமே ஓட்டும்போது அடுத்த வளைவு உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது.

2024 ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மா வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் போன் செய்தான். விடியற்காலை பஸ் பிடித்து, செம்மேட்டில் இறங்கி, ஜீப்புக்குக் காத்திருந்து, நான் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. "நீ வர்றதுக்குள்ள செத்திருந்தாக்கூட எடுத்திருப்பாங்க கண்ணு" என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் மொபெட் பாதி மலையிலேயே திணறும். கடைசி மண்பாதையில் மழை பெய்தால் சேற்றில் நின்றேவிடும். 'அதுக்கு நூறு சிசி வண்டி போதாதா?' என்றார் வீட்டுக்காரர். போதும்தான். பொய் சொல்லமாட்டேன், பாதி அவசியம், பாதி ஆசை. என் அப்பா பழைய புல்லட் வைத்திருந்தார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள வண்டி. தம்பிக்குப் பதினைந்து வயதிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்ததோடு சரி.

என்னிடம் இருந்தது கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ். கியர் வண்டிக்கு எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். தம்பி மகனுடைய பழைய வண்டியில் தினமும் விடியலில் எட்டுப் போட்டுப் பழகினேன். டெஸ்ட் அன்று என் மகன் வயதுப் பையன்கள் காலை ஊன்றிப் பெயிலாக, நான் ஒரே தடவையில் பாஸ்!

வண்டி வீட்டுக்கு வந்த அன்று உள்ளுக்குள் உதறல்தான். எடை 196 கிலோ. அரிசிச் சிப்பம் எட்டை அடுக்கி வைத்தால் எவ்வளவோ அவ்வளவு, நாலு கிலோதான் குறைவு. சீட் உயரம் 825 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். உட்கார்ந்தால் இரண்டு காலிலும் கட்டைவிரல்தான் தரையைத் தொட்டது. உயரம் குறைந்த சீட் தனியாகக் கிடைக்கிறது. அதைப் போட்ட பிறகு, இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு பாதம் முழுசாகப் பதிகிறது. ஒரு பாதம் போதும் என்பது ஓட்ட ஓட்டத்தான் புரிந்தது.

மூன்றாம் நாளே கீழே போட்டேன். ஓடும்போது இல்லை, நிற்கும்போது! எங்கள் வாசல் சரிவில் திருப்பப் போய், கால் வைத்த இடம் பள்ளம். எருமை படுப்பது போல வண்டி மெதுவாகச் சாய்ந்தது. எனக்கு அடி இல்லை. எதிர்வீட்டு ஆட்கள் ஓடி வந்து தூக்கிவிட்டு, "ஏனுங் அம்மிணி, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "வித்துடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். பழைய தேங்காய்நார் மெத்தையை வாசலில் போட்டு, அதன்மேல் வண்டியைப் படுக்க வைத்து, "தூக்கும்மா" என்றான். எஞ்சினை அணைத்துவிட்டு, உருளாமலிருக்கக் கியரில் போட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட வேண்டும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டில் அணைத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றுகிறவளுக்கு இது புதிசா என்ன? நாலாவது தடவை எழுந்து நின்றது. மதில்மேல் கை வைத்து வேடிக்கை பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

ஓடத் தொடங்கிவிட்டால் அத்தனை கனமும் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. 452 சிசி எஞ்சின், ஆறு கியர். முன்சக்கரம் 21 அங்குலம், அதனால் கல்லோ குழியோ கைக்கு வந்து குத்துவதில்லை. டேங்க் 17 லிட்டர் பிடிக்கிறது. எனக்கு லிட்டருக்கு 28, 30 கிலோமீட்டர் கிடைக்கிறது. மொபெட் கணக்கு பார்த்துப் பழகியவளுக்கு இது வயிற்றெரிச்சல்தான். வெயிலில் மெதுவாகப் போனால் ரேடியேட்டர் விசிறி சுற்றிக் காலில் சூடு அடிக்கும். இந்த மாதிரி எஞ்சின் எல்லாவற்றுக்குமே அது உண்டு. சேலையை விட்டுவிட்டுக் கெட்டியான பேன்ட்டும் கணுக்கால் மூடும் ஷூவும் போட்டுக்கொள்கிறேன். பின்சக்கரத்து சேலைக் காப்புக் கம்பியை அழகுக்காகக் கழற்றச் சொன்னான் தம்பி மகன். நன்றாகத் திட்டு வாங்கினான். உங்கள் வீட்டுப் பையன்கள் கழற்றி வைத்திருந்தால் இன்றைக்கே மாட்டச் சொல்லுங்கள்.

சித்திரையில் முதல் சர்வீஸ் முடிந்ததும் மலை ஏறினேன். வீட்டுக்காரர் மொபெட்டில் அடிவாரம் வரை வந்து, "பாத்துப் போ" என்று நின்றுகொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாகவே கியரைக் குறைத்து, சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய பக்கமே பார்த்துத் திருப்பினேன். இருபதாவது வளைவில் கை விறைத்துப் போனது. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் கவனித்தேன், குமட்டலே இல்லை. சோளக்காட்டில் டீ குடித்துவிட்டு அம்மா வீட்டு மண்பாதையில் இறங்கினேன். முந்தின நாள் மழையில் சேறு. ஓரிடத்தில் பின்சக்கரம் வழுக்கியது. பயத்தில் "முருகா" என்று கத்தியும்விட்டேன். வண்டி விழவில்லை. வீட்டிலிருந்து அம்மா வீட்டு வாசலுக்கு இரண்டரை மணி நேரம்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "உங்கப்பன் வண்டியவிடப் பெரிசா இருக்குதே" என்றார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கச் சொன்னார். அப்புறம் திண்ணை மேல் ஏறி நின்று, "இங்கிருந்து கால் போட்டா எட்டுமா?" என்று கேட்டார். எட்டியது. ஒரு பக்கமாக உட்காரப் போனவரை, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வைத்தேன். வாசலில் நாலு சுற்று வந்தோம். இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்த கை, மூன்றாம் சுற்றில் லேசாகத் தளர்ந்தது.

பலாப்பழம் முடிந்ததும் ஒரு வாரம் கீழே வந்து இருக்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பையிலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து அம்மா தலையைச் சுற்றி அளந்து வந்தேன். 54 சென்டிமீட்டர். ஹெல்மெட் வாங்க வேண்டும்.

- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.