முதல் அனுபவங்களும் ஆங்கில வினைக்காலங்களும்

ஒரு செயலை ஒருவர் முதன்முறையாகச் செய்வதைக் கூற ஆங்கிலத்தில் பெரிதும் பயன்படும் தொடர் "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம்" என்பதாகும். இத்தொடரை அடுத்து வரும் வினை, பிரசென்ட் பெர்ஃபெக்ட் எனப்படும் நிகழ்கால முற்றில் அமைவது பொது விதி. அதாவது, "ஹேவ்" அல்லது "ஹேஸ்" என்பதுடன் வினையின் மூன்றாம் வடிவம் சேரும்.

காரணம்

"முதல் தடவையாகப் பனியைப் பார்க்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் கூறுகிறோம். பிரெஞ்சு, செருமன் மொழிகளிலும் இவ்விடத்தில் நிகழ்காலமே வரும். ஆங்கிலமோ, இந்த நொடி வரை அச்செயல் எத்தனை தடவை நடந்துள்ளது என்று எண்ணுகிறது. கடந்த காலத்தில் தொடங்கி இன்று வரை நீளும் எண்ணிக்கையைக் குறிப்பது நிகழ்கால முற்று. எனவே, "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் சீன் ஸ்னோ" என்பது சரியான வாக்கியம் ஆகும். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும்.

கால மாற்றம்

* "இஸ்" வந்தால்: ஹேவ் சீன்
* "வாஸ்" வந்தால்: ஹேட் சீன் (இறந்தகால முற்று)
* "வில் பி" வந்தால்: ஹேவ் சீன்

பேச்சு வழக்கில், "வாஸ்" என்பதை அடுத்துச் சாதாரண இறந்தகாலமும், "இஸ்" என்பதை அடுத்துத் தொடர் நிகழ்காலமும் வருவதுண்டு. தேர்விலும் முறையான எழுத்திலும் முற்று வடிவமே ஏற்றது.

பொருள் வேறுபாடு

"த ஃபர்ஸ்ட் டைம்" என்பதே வாக்கியத்தின் தொடக்கமாக வந்து, முடிந்துபோன ஒரு நிகழ்வைச் சுட்டினால் சாதாரண இறந்தகாலம் வரும். இவ்வேறுபாடு இலக்கணத்துடன் நின்றுவிடுவதில்லை. நெஞ்சுவலியுடன் வரும் ஒருவர் மருத்துவரிடம், "திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஹேட் திஸ் பெயின்" என்றால், இவ்வலி முன்பு வந்ததில்லை என்று பொருள். "த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேட் திஸ் பெயின்" என்று தொடங்கினால், வலி முன்பே வந்தது, பின்னரும் வந்துள்ளது என்றே மருத்துவர் கொள்வார்.

மாற்று வடிவங்கள்

"ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்" என்பது வினையடை ஆகும். அது வினையின் காலத்தைக் கட்டுப்படுத்தாது. "ஐ ஆம் விசிட்டிங் லண்டன் ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்" என்பதும் "ஐ விசிட்டட் லண்டன் ஃபார் த ஃபர்ஸ்ட் டைம் இன் 2005" என்பதும் சரியானவை. தமிழில் "முதல் தடவையாக" என்பதும் வினையடையே. ஆதலால் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இவ்வடிவம் எளிதாக அமையும். "ஐ ஹேவ் நெவர் சீன் ஸ்னோ பிஃபோர்" என எதிர்மறையாகக் கூறினாலும் ஏறத்தாழ இதே கருத்துக் கிடைக்கும்.