பணம் தந்தவர் பாடமும் தருவதா?

சென்னைக் கோட்டையிலே உட்கார்ந்து செல்வம் குவித்தான் ஒருவன். அவன் பெயரைத் தாங்கி அமெரிக்காவிலே நிற்கிறது ஒரு பல்கலைக் கழகம். தோழர்களில் பலர் இதை அறிவர். அறியாதாருக்குச் சொல்லி வைக்கிறேன்.

எலிகு யேல் என்பது அவன் பெயர். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். கம்பெனியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே தனக்கென்று தனி வியாபாரம் நடத்திக் கொழுத்தான் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பதவி பறிக்கப்பட்டவன். ஊர் திரும்பிய பின், 1718-இல், கனெக்டிகட்டில் காசின்றித் தள்ளாடிய சிறு கல்லூரி ஒன்றுக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பி வைத்தான். சரக்கை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்டு. "உம் பெயரையே வைத்து விடலாமே" என்று அவனுக்கு ஆசை காட்டி எழுதியவர் காட்டன் மாதர் என்ற பாதிரியார்! யாருடைய உழைப்பிலே விளைந்த பணம், யாருக்குப் புகழ்! 1968-இல், முதலமைச்சராக இருந்த அண்ணா, சப் பெல்லோஷிப் என்னும் சிறப்பினைப் பெற்று அந்த யேலுக்குத்தான் சென்று, மாணவரோடு உரையாடித் திரும்பினார்.

1991-இல் அதே யேலுக்கு வந்தது இன்னொரு கொடை. டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வக் குடும்பத்தில் பிறந்த லீ பாஸ் என்பார், தாம் படித்த கல்லூரிக்கு 2 கோடி டாலர் அளித்தார். மேலை நாகரிகம் பற்றித் தனிப் பாடத்திட்டம் வகுத்து நடத்த வேண்டும், அதற்குத்தான் பணம். ஆண்டுகள் உருண்டன, பாடம் தொடங்கவில்லை. ஆசிரியர்களுக்குள்ளே கருத்து வேற்றுமை; நிர்வாகத்திலே மந்தம். 1994-இல் மாணவர் பத்திரிகை ஒன்று இதை வெளியே போட்டு உடைத்தது. கொடையாளருக்குக் கோபம் வந்தது. அதுவரை அவர் பக்கம் நியாயம் இருந்ததென்றே கூறுவேன். வாங்கிய பணத்துக்கு வேலை நடக்க வேண்டாமா? ஆனால் அடுத்து அவர் கேட்டது வேறு: அந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களை ஒப்புக்கொள்ளும் உரிமை தமக்கு வேண்டும் என்றார். தலைவர் ரிச்சர்ட் லெவின் மறுத்தார். 1995 மார்ச்சில் 2 கோடி டாலரும் திருப்பித் தரப்பட்டது!

தருகிறேன் என்றால் மறுக்க எல்லோருக்கும் மனம் வருமா? வட கரோலினாவில் பி.பி. அண்டு டி. என்றொரு வங்கி இருந்தது; 2019-இல் வேறொரு வங்கியோடு இணைந்து பெயர் மாறிற்று. ஜான் அலிசன் அதன் தலைவராக இருந்த காலத்தில், அதன் அறக்கட்டளை பல கல்லூரிகளுக்கு நன்கொடையை அள்ளிக் கொடுத்தது. எதற்கு? முதலாளித்துவத்தின் அற அடிப்படைகளைக் கற்பிக்க! அயன் ராண்ட் எழுதிய 'அட்லஸ் ஷ்ரக்ட்' என்ற நாவலை மாணவர் படித்தாக வேண்டும் என்று சில கல்லூரிகளோடு செய்த ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1957-இல் வந்த தடித்த புத்தகம் அது. அதிலே வேலை நிறுத்தம் செய்வோர் யார் தெரியுமா? ஆலை அதிபர்கள்! அதையும் படிக்கட்டும், நூலகத்தில் இருக்கட்டும், எதிர்த்து வாதாட வேண்டுமானாலும் படித்திருக்க வேண்டும். வகுப்பறையிலே எந்த நூல் என்று வங்கி அதிபர் தீர்மானிப்பதைத்தான் ஏற்க முடியாது.

"அப்படியானால் பணக்காரன் பணமே தீட்டு என்கிறீரா?" என்று கேட்கும் தோழருக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் தலைவராக நெடுங்காலம் இருந்த வால்ட்டர் டீகிள் 1944-இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார். ஐ.ஜி. பார்பன் என்ற ஜெர்மன் கம்பெனியோடு செய்த கூட்டு அம்பலமாகி, 1942-இல் பதவி விலகியவர்தான் அவர். அந்தப் பணம் இன்று எங்கே போகிறது? நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகம் 2009-இல் ஒரு வகுப்புத் தொடங்கிற்று. ஏழை வீட்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையிலே கட்டணமின்றி வந்து, பிளேட்டோ முதல் மார்ட்டின் லூதர் கிங் வரை படித்து, பேராசிரியரோடு வட்டமாக அமர்ந்து விவாதிக்கிறார்கள். பிறகு தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆராய்கிறார்கள். இதைப் போன்ற வகுப்புகள் வேறு கல்லூரிகளிலும் நடக்க டீகிள் அறக்கட்டளை பொருள் உதவுகிறது. கொலம்பியாவில் இந்த வகுப்பை வளர்த்தவர்களில் ஒருவரான ரூஸ்வெல்ட் மொன்டாஸ், டொமினிகன் குடியரசிலிருந்து ஏழைச் சிறுவனாக வந்தவர். எண்ணெய்ப் பணமாயிற்றே என்று இந்த வகுப்பை மூடச் சொல்ல எனக்கு மனமில்லை. புத்தகத்தைத் தேர்வது யார், ஆசிரியரை அமர்த்துவது யார், ஒப்பந்தத்தை ஊரறிய வெளியிடுவார்களா என்று மட்டும் கேட்பேன்.

உழைப்பவன் தன் காசிலே கட்டிய கல்லூரியும் உண்டு. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் படிக்க 1899-இல் ஏற்பட்டது ரஸ்கின் கல்லூரி. 1909-இல் அதன் முதல்வர் டென்னிஸ் ஹர்ட் நீக்கப்பட்டபோது, மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியேறினார்கள். அந்தக் கிளர்ச்சியில் பிறந்ததே மத்தியத் தொழிற் கல்லூரி. பின்னர் லண்டனுக்கு இடம் பெயர்ந்த அதை, தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வே தொழிலாளர் சங்கமும் தாங்கி நின்றன. நிலக்கரித் தூசியிலே வேலை செய்தவன் கட்டிய சந்தா, அவன் தோழனுக்குப் பொருளாதாரமும் வரலாறும் கற்பித்தது. 1919-இல் அங்கே படிக்கச் சென்ற இளைஞர்களில் ஒருவர் அன்யூரின் பெவன். கல்லூரியின் கால அட்டவணை அவருக்கு ஒத்துவரவில்லை என்பார்கள், போகட்டும்! 1926-இன் பெரும் போராட்டம் சங்கங்களின் கருவூலத்தைக் காலி செய்தது. 1929-இல் கல்லூரி மூடப்பட்டது. பத்தொன்பது ஆண்டு கழித்து, 1948-இல், பிரிட்டன் முழுதும் எல்லோருக்கும் இலவச மருத்துவத்தைத் தொடங்கி வைத்த அமைச்சர், அந்தச் சுரங்கத்துப் பெவன்தான்.