'டாக்டர், ஒரு நிமிஷம்!' - சொல்லும் நர்ஸ், துணை நிற்கும் இன்சார்ஜ் சிஸ்டர்... இதுதான் தலைமை!

ஒரு காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். நைட் டூட்டி. மணி இரண்டு. ஐ.சி.யூ-வில் ஒரு நோயாளியின் கழுத்து ரத்தக்குழாயில் 'சென்ட்ரல் லைன்' போடத் தயாராகிறார் டாக்டர். கிருமி நீக்கிய துணியால் நோயாளியின் உடலை மூட வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டார். அருகில் நிற்கும் நர்ஸுக்கு 22 வயது. அவர் அதைக் கவனித்துவிட்டார். வாய் திறப்பாரா?

அது அவருடைய தைரியத்தை மட்டும் பொறுத்ததல்ல. அவருடைய இன்சார்ஜ் சிஸ்டரையும் பொறுத்தது.

சேலம், குமாரபாளையம், திருச்செங்கோடு பக்கம் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. படித்து முடித்து வார்டுக்குள் நுழையும் பிள்ளைகளை யார் வழிநடத்துகிறார்கள்?

டூட்டி ரோஸ்டர் போடுவது, மருந்து இருப்பைப் பார்ப்பது, ரெஜிஸ்டரைச் சரிபார்ப்பது... இதெல்லாம் நிர்வாகம். இது இல்லாமல் வார்டு ஓடாது. ஆனால், ஜூனியர் ஒருவர் பயப்படாமல் உண்மையைச் சொல்லும் சூழலை உருவாக்குவதுதான் தலைமை.

உயிர் காத்த அதிகாரம்

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2001-ல் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், சென்ட்ரல் லைன் போடுவதற்கு ஐந்தே படிகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். கை கழுவுவதுதான் முதல் படி. டாக்டர்கள் இதைப் பின்பற்றுகிறார்களா என்று ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார் நர்ஸுகளிடம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதோ ஒரு படி விடுபட்டிருந்தது!

அடுத்து நிர்வாகம் செய்ததுதான் முக்கியம். படி தவறினால் டாக்டரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுகளுக்குக் கொடுத்தது. ஓராண்டில், லைன் போட்ட 10 நாள்களுக்குள் வரும் தொற்று 11 சதவிகிதத்திலிருந்து பூஜ்ஜியமானது. பட்டியல் சுவரில் தொங்கினால் மட்டும் போதாது. அதைச் சொல்லும் நர்ஸுக்குப் பின்னால் மேலிடமும் நிற்க வேண்டும்.

நம் ஊரிலும் இதற்கு வழி உண்டு. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-ல் தொடங்கியபோதே அதில் இடம்பெற்றது வேலூர் சி.எம்.சி. அங்கே கல்லூரி ஆசிரியர்கள் வார்டிலும் பொறுப்பேற்கும் முறை உண்டு. பாடம் சொன்னவரே பக்கத்தில் நின்று செய்துகாட்டினால், ஜூனியருக்குக் கேள்வி கேட்கத் தயக்கம் வராது.

இன்சார்ஜ் சிஸ்டர்கள் நாளையே தொடங்கலாம்!

* ஷிஃப்ட் மாறும்போது, "ஏதாவது சந்தேகமா இருந்துச்சாம்மா?" என்று கேளுங்கள்.

* தவறு நடந்தால் 'யார் செஞ்சது?' என்பதற்கு முன், 'என்ன நடந்துச்சு?' என்று கேளுங்கள். நோயாளிகள் முன்னால் திட்ட வேண்டாம்.

* சரியாகச் சொன்ன ஜூனியர் மீது டாக்டர் கோபப்பட்டால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவருக்கு சிகிச்சை நடக்கும்போது, "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று ஒரு நர்ஸ் நிறுத்தினால், 'ஏன் லேட் பண்றாங்க?' என்று சத்தம் போடாதீர்கள். முடிந்ததும் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.