துடுப்புப் படகில் எந்தக் காமிரா?



ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். தண்ணீரிலிருந்து வெளியே எடுத்த மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது? நீரில் இருப்பதைவிடக் காற்றில்தான் ஆக்சிஜன் மிகுதி. அப்படியிருக்க, ஆக்சிஜன் நிறைந்த இடத்துக்கு வந்த மீன் மகிழ்ச்சியாக அல்லவா இருக்க வேண்டும்?

காரணம் மிக எளியது. மீனின் செவுள்கள் மெல்லிய இழைகளால் ஆனவை. நீருக்குள் இருக்கும்போது மிதப்பு விசை அவற்றைத் தாங்கித் தனித்தனியே விரித்து வைக்கிறது. வெளியே எடுத்ததும் அவை சரிந்து விழுகின்றன. குளித்து எழுந்தவுடன் நம் தலைமயிர் ஒட்டிக்கொள்வதைப்போல, பரப்பு இழுவிசையால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆக்சிஜனை உறிஞ்சும் பரப்பு சுருங்கிவிடுகிறது. மீனைப் பொறுத்தவரை ஒவ்வொரு நொடியும் விலை மிக்கது.

காமிராவைப் பற்றிய கட்டுரையில் மீனின் மூச்சு எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் பணிபுரிகிறார். விடுமுறை நாட்களில் அங்குள்ள விரிகுடாவில் ‘கயாக்’ என்னும் சிறு துடுப்புப் படகில் மீன் பிடிக்கச் செல்வார். வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், மரச் சட்டத்தின்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த படகே கயாக். இன்று அது பாலி எதிலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது. நீங்கள் பிச்சாவரத்தில் பார்த்திருக்கக்கூடிய அலையாத்திக் காடுகளைப் போன்ற காடுகள் டாம்பா விரிகுடாவின் கரைகளிலும் உண்டு. அவற்றின் வேர்களுக்கிடையே, நம் ஊர்க் கொடுவா மீனை நினைவூட்டும் ‘ஸ்நூக்’ என்ற மீன் பதுங்கியிருக்கும்.

அங்கே நடக்கும் கயாக் மீன்பிடிப் போட்டிகள் பலவற்றில் யாரும் மீனைக் கொல்வதில்லை. பிடித்த மீனை அளவுப் பலகைமீது கிடத்தி, ஒரு படம் எடுத்து, உடனே நீரில் விட்டுவிட வேண்டும். படம்தான் சான்று. படத்தில் அளவு தெளிவாகத் தெரியாவிட்டால் பிடித்த மீன் பிடிக்காத மீனுக்குச் சமம்.

சென்ற ஆண்டு அந்த மாணவர் ஒரு கையில் மீனும் மறு கையில் காமிராவுமாக இருந்தபோது, தொலைவில் சென்ற விசைப்படகு எழுப்பிய அலை வந்து மோதியது. இரண்டும் நழுவி நீரில் விழுந்தன. மீன் பிழைத்துக்கொண்டது, காமிரா பிழைக்கவில்லை. “சார், அடுத்த போட்டிக்குள் ஒரு காமிரா வாங்க வேண்டும். கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும். ஆக்ஷன் காமிராவா, முரட்டுக் காமிராவா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்று எழுதியிருந்தார். அவருக்காகப் போட்ட கணக்குகளை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். எல்லாம் நீங்கள் வகுப்பில் படிக்கும் கணக்குகளே.

இரு வகைக் காமிராக்கள்

நீருக்கடியில் படம் எடுக்கும் ஆசை புதிதன்று. 1893இல் லூயி பூத்தான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நீருக்கடியில் படம் எடுத்தார். தனி உறை இல்லாமலேயே நீரில் மூழ்கக்கூடிய ‘நிக்கோனாஸ்’ என்ற ஃபிலிம் காமிரா 1963இல் விற்பனைக்கு வந்தது.

ஆக்ஷன் காமிரா என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. தலைக்கவசத்திலோ படகிலோ பொருத்திவிட்டால், நாம் நம் வேலையைப் பார்க்கலாம். அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 2004இல் வந்த முதல் ‘கோப்ரோ’ காமிரா மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் காமிராதான். நம் கணக்குக்கு 2022இல் வெளிவந்த ‘ஹீரோ 11’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

நீர் புகாமல், கீழே விழுந்தாலும் உடையாமல் இருக்கும்படி செய்யப்பட்ட சாதாரண வடிவக் காமிராவை ‘முரட்டுக் காமிரா’ என்று அழைக்கலாம். அதைக் கையில் பிடித்துத்தான் படம் எடுக்க வேண்டும். இதற்கு 2019இல் வெளிவந்த ஒலிம்பஸ் ‘டிஜி 6’ என்பதை எடுத்துக்கொள்வோம்.

ஆழம் எவ்வளவு?

முதல் காமிரா 10 மீட்டர் ஆழம்வரை நீரைத் தாங்கும். இரண்டாவது 15 மீட்டர்வரை தாங்கும். பார்த்தவுடன் இரண்டாவதே மேல் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள்!

நீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் ஒரு கிலோகிராம் எடை அழுத்தும். ஆக்ஷன் காமிராவின் முன்பக்கப் பரப்பு சுமார் 36 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அதன்மீது 36 கிலோ எடை! ஆனால் டாம்பா விரிகுடாவின் சராசரி ஆழம் 4 மீட்டருக்கும் குறைவு. படகில் அமர்ந்திருப்பவரின் காமிராவுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வெறும் தெறிப்புதான். ஆகவே 10 மீட்டரா, 15 மீட்டரா என்ற வேறுபாடு இவருக்குப் பயன்படாது.

உண்மையான பகைவன் வேறு. மின்கலம் இருக்கும் கதவின் ஓரத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு மணல் துகளோ ஒரு தலைமயிரோ சிக்கினால் போதும். அந்த நுண்ணிய இடைவெளி வழியே நீர் உள்ளே ஏறிவிடும். கதவை மூடுமுன் வளையத்தைத் துடைப்பதும், கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவதும் இரு காமிராக்களுக்கும் பொது.

மிதக்குமா, மூழ்குமா?

ஆர்க்கிமிடீசை அழைப்போம். ஆக்ஷன் காமிராவின் அளவுகள் 7.18, 5.08, 3.36 செ.மீ. பெருக்கினால் கன அளவு சுமார் 122.6 கன செ.மீ. கடல்நீரின் அடர்த்தி 1.025. எனவே அது வெளியேற்றும் நீரின் எடை சுமார் 126 கிராம். காமிராவின் எடையோ 154 கிராம். பற்றாக்குறை 28 கிராம். மூழ்கிவிடும்!

முரட்டுக் காமிராவின் அளவுகள் 11.3, 6.6, 3.24 செ.மீ. கன அளவு சுமார் 241.6 கன செ.மீ. வெளியேற்றும் நீர் 248 கிராம். காமிராவின் எடை 253 கிராம். பற்றாக்குறை வெறும் 5 கிராம்தானா? இல்லை. அதன் மூலைகள் வளைந்தவை. கைப்பிடி தவிர மற்ற பகுதி மெலிந்தது. உண்மையான கன அளவு பெட்டிக் கணக்கைவிடக் குறைவு. அதுவும் மூழ்கும்.

ஆக, எதை வாங்கினாலும் நுரை மிதவை ஒன்று கட்டாயம் வேண்டும். நுரையின் அடர்த்தி 0.1 என்றால், அதன் ஒவ்வொரு கன செ.மீ.யும் 0.925 கிராமைத் தூக்கும். 28 கிராமுக்குக் குறைந்தது 31 கன செ.மீ. நுரை தேவை. பாதுகாப்புக்காக 100 கன செ.மீ. இருப்பது நன்று. காமிராவின் கயிற்றைக் கழுத்தில் மாட்டக் கூடாது. படகு கவிழ்ந்தால் அதுவே ஆபத்தாகும். உயிர்காப்புச் சட்டையில் கோத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தெரியும்?

லென்சின் பார்வைப் பரப்பை ஒப்பிட, பழைய 35 மி.மீ. ஃபிலிம் காமிராவின் அளவுக்கு மாற்றிச் சொல்வது வழக்கம். அந்த ஃபிலிமில் படத்தின் அகலம் 36 மி.மீ. வடிவொத்த முக்கோணங்களின்படி, 36ஐக் குவிய தூரத்தால் வகுத்து, பொருளின் தொலைவால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும்.

ஆக்ஷன் காமிராவின் குவிய தூரம் ஏறத்தாழ 16 மி.மீ. பத்து மீட்டர் தொலைவில் ஒரு மீன் துள்ளுகிறது. படத்தில் அடங்கும் அகலம் 22.5 மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள மீன் அதில் 45இல் ஒரு பங்கு; ஒரு புள்ளியாகத்தான் தெரியும். முரட்டுக் காமிராவின் குவிய தூரத்தை 25 முதல் 100 மி.மீ. வரை மாற்றலாம். நூறில் வைத்தால் அடங்கும் அகலம் 3.6 மீட்டர், மீன் ஏழில் ஒரு பங்கு. ஆனால் படகும் துடுப்பும் வளைந்த தூண்டில் கோலும் மீனவரின் முகமும் சேர்ந்து ஒரே படத்தில் வரவேண்டுமானால் ஆக்ஷன் காமிராவே வெல்லும்.

மாணவர் ஆசிரியரைத் திருத்திய கதை

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அகன்ற பார்வையுள்ள லென்ஸ், நேர்கோடுகளைப் பீப்பாயின் பக்கங்களைப்போல வளைத்துக் காட்டும். “ஆகவே ஆக்ஷன் காமிரா மீனின் நீளத்தைத் தவறாகக் காட்டும், வாங்க வேண்டாம்” என்று எழுதிவிட்டேன்.

அவர் நண்பரிடம் ஒரு காமிராவை இரவல் வாங்கி, மீனுக்குப் பதில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சோதித்துப் பார்த்தார். “சார், கட்டை வளையும்போது பக்கத்திலுள்ள அளவுகோலும் கூடவே வளைகிறதே! வால் நுனி எந்தக் கோட்டருகே இருக்கிறதோ அதே கோட்டருகேதான் இருக்கிறது. ஆனாலும் வாசிப்பு மாறுகிறது. காமிராவைக் கிட்டே கொண்டுபோனால் கட்டை நீளுகிறது” என்று பதில் வந்தது. அவர் சொன்னதே சரி. குற்றவாளி லென்ஸ் அன்று. நீங்கள் ஆய்வுக்கூடத்தில் அறிந்த இடமாறு தோற்றப் பிழை!

மீனின் மூக்கு பலகையின் தொடக்கத் தடுப்பில் முட்டிக்கொண்டிருக்கும். வால் நுனி அளவுகோலைத் தொடாமல், ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். மீனின் நீளம் 70 செ.மீ. காமிரா மீனின் நடுப்பகுதிக்கு நேர் மேலே, 60 செ.மீ. உயரத்தில் உள்ளது. காமிராவிலிருந்து வால் நுனியைத் தொட்டுச் செல்லும் பார்வைக் கோடு, சற்று அப்பால் சென்றே அளவுகோலில் விழும். பிழை 35ஐ 59ஆல் வகுத்தால் வருவது: சுமார் 6 மி.மீ. பல போட்டிகளில் நீளத்தைக் கால் அங்குலக் கணக்கில்தான் குறிக்கிறார்கள். கால் அங்குலம் என்பதும் ஏறக்குறைய அதே 6 மி.மீ.தான்!

காமிராவை 35 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் பிழை 10 மி.மீ. ஆகிவிடும். அகன்ற லென்ஸ் கிட்டே போனாலும் முழு மீனையும் அடக்கிக்கொள்ளும். அதனால் நாம் கிட்டே போகத் துணிகிறோம். 25 மி.மீ. லென்சில் 60 செ.மீ. தொலைவிலிருந்து 86 செ.மீ. அகலமே அடங்கும். ஆகவே அது நம்மைத் தானாகவே தள்ளி நிற்க வைக்கிறது. வாலை ஈரக் கையால் மெல்லப் பலகையோடு அழுத்திப் பிடித்தால் பிழை மறைந்தே போகும். ஈரக் கை ஏன்? உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்புப் பூச்சை உரித்துவிடும்.

ஈரக் கையும் தொடுதிரையும்

தொடுதிரை நம் விரலை மின்தேக்குத் திறனின் மாற்றத்தால் உணர்கிறது. அதன்மீது உப்புநீர் படிந்திருந்தால், நீரையே விரல் என்று எண்ணித் தடுமாறும். ஆக்ஷன் காமிராவின் அமைப்புகளை மாற்றப் பெரும்பாலும் தொடுதிரையே வழி. முரட்டுக் காமிராவில் அழுத்தும் பொத்தான்கள் உண்டு; ஈரம் அவற்றை ஏமாற்றாது.

மின்கலத்தையும் பாருங்கள். ஆக்ஷன் காமிராவில் தொடர்ந்து சலனப்படம் எடுத்தால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் மின்கலம் தீர்ந்துவிடும். கடல் நடுவே, ஈரக் கையால் அந்த ரப்பர் வளையக் கதவைத் திறக்க நேரும். முரட்டுக் காமிரா ஒரு மின்னேற்றத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுக்கும். நாள் முழுவதும் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

முடிவு என்ன?

மாணவர் முரட்டுக் காமிராவையே வாங்கினார், ஒரு மஞ்சள் நிற நுரை மிதவையுடன். அவருக்கு வேண்டியது கதை அன்று, சான்று. அலை மோதும் கரையிலிருந்து படகு செலுத்துபவர், இரு கைகளும் துடுப்பில் இருக்க, தம் துடுப்பு வீச்சைப் பின்னர் பார்த்துத் திருத்திக்கொள்ள விரும்பினால் ஆக்ஷன் காமிராவே பொருத்தம். ‘எது சிறந்தது?’ என்ற கேள்விக்கு விடையில்லை, ‘எதற்கு?’ என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை பிறக்கும்.

மற்றொன்றையும் அவர் செய்தார். வீட்டுக் கூடத்தில் அதே மரக்கட்டையை வைத்துக்கொண்டு, எடுப்பது, கிடத்துவது, படம் பிடிப்பது, விடுவது என்று கடிகாரம் பார்த்துப் பயின்றார். முதலில் நாற்பது நொடி ஆயிற்று. காமிராவையும் பலகையையும் ஆயத்தம் செய்யும்வரை மீன் வலையோடு நீரிலேயே இருக்கட்டும் என்ற முறைக்கு மாறியதும் பதினைந்து நொடியில் முடிந்தது. அந்த இருபத்தைந்து நொடிகளை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

ஓர் அளவுகோலை மேசைமீது வையுங்கள். ஒரு பென்சிலைச் சிறு அழிப்பான்கள் இரண்டின்மீது, அளவுகோலுக்கு மேலே படுக்க வையுங்கள். வீட்டிலுள்ள கைப்பேசியால் 15 செ.மீ., 30 செ.மீ., 60 செ.மீ. உயரங்களிலிருந்து படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பென்சிலின் இரு முனைகளுக்கும் நேரான அளவுகளைக் குறித்து நீளத்தைக் கணக்கிடுங்கள். எந்தப் படத்தில் பென்சில் மிக நீளம்? ஏன்? வடிவொத்த முக்கோணங்களை வரைந்து, நீங்களே விடை காணுங்கள்.